டாக்டர் மாணிக்கவாசகம் எந்த உலையில் சாப்பிடுகிறார்?

சென்னையில் அந்தக் காலத்தில் குடும்ப நுகர்வுச் செலவுப் போக்கு ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்று இருந்தது. அந்தப் பெயரை ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் நாம் எழுந்து போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்து உட்காரலாம். மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குச் செலவு செய்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. மக்களுக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையில்லை. அதற்கு வழங்கல் ஆபீஸ் என்று தனியாக இருந்தது. அந்த ஆபீசும் கழகம் சொல்வதைக் கேட்டுத்தான் அரிசி அளந்தது.

அறுபத்தாறாம் வருடம். அரிசிக்குத் தட்டுப்பாடு. பணம் இருந்தாலும் கடையில் அரிசி இல்லை. கார்டுக்கு அளந்து போடுவதுதான் அரிசி. அந்த வருடம் பார்த்துக் கழகத்துக்குக் காஞ்சிபுரத்தின் மேல் அக்கறை பிறந்தது. குலுக்கிப் போட்டதில் பிள்ளையார்பாளையத்துப் பதினேழாம் எண் வீடு விழுந்தது. அது கமலவேணியின் வீடு. அவள், கணவன் வீரபத்திரன், இரண்டு பெண்கள், ஒரு பட்டுத் தறி. தறியையும் குடும்பத்தில் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. அந்த வீட்டில் அதுவும் அரிசி சாப்பிட்டது.

பட்டு நெய்கிற தெருவில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். பாவு என்பது சேலையின் நீளவாக்கு இழைகள். புதுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியை வடிகட்டித் தெளித்து, நீவிக் காயவைப்பார்கள். கஞ்சி குடிக்காத பாவு தறியில் நிற்காது. இழை பஞ்சாய்ப் பிரிந்து அறுந்துகொண்டே இருக்கும். ஆகவே கமலவேணி வாங்குகிற அரிசியில் ஒரு பங்கு பாவுக்கு. மிச்சம்தான் வயிற்றுக்கு.

கணக்கெடுக்க வந்தவர் தேவசகாயம். நடுவயது, கையில் குடை, பையில் ஒரு தராசு, கக்கத்தில் படிவக் கட்டு. காஞ்சிக்குப் பக்கத்து முசரவாக்கத்துக்காரர்; பாவு தெரியாதவரல்ல. அரிசிப் பானையைக் கவிழ்த்து நிறுத்து எழுதிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் பேனாவைத் தூக்கிவிட்டார்.

"பாவுக்குப் போற அரிசிக்குக் கட்டம் இல்லமா இதுல" என்றார்.

"கட்டம் இல்லன்னா வுட்டுடுங்க சார். அத நாங்க துன்றதில்லயே."

"அப்டி வுட முடியாது. அரிசி கொறையுதில்ல, அது எங்க போச்சுன்னு கேப்பாங்க. மேல எழுதிக் கேக்கறேன்."

மேலே எழுதிக் கேட்டார். மேலேயிருந்து பதில் வந்தது: 'சமையலறையை விட்டு வெளியேறிய அரிசி உண்ணப்பட்டதாகவே கருதப்படும்.' தேவசகாயம் அதைக் கமலவேணிக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் பாவு பிணைக்கிற நாள். பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டுகிற வேலை. அந்த நாளில் வாசற்படி ஏறியவர் யாராக இருந்தாலும், பகையாளியே ஆனாலும், ஒரு வாய் சாப்பிடாமல் போகக்கூடாது. போனால் அந்தப் பாவு முடிகிறவரை இழை அறும் என்பது தெருவின் நம்பிக்கை. கமலவேணி இலை போட்டதும் தேவசகாயம் தேள் கொட்டினவர் போல எழுந்துவிட்டார்.

"வேணாம்மா. கணக்கெடுக்கற நாள்ல யார் எந்த ஊட்டு உலைச் சோத்த சாப்பிடறாங்களோ அவங்க அந்த ஊட்டு ஆளு. அது எங்க சட்டம். ஆரணில எங்க ஆளு ஒருத்தரு பசி தாங்காம ஒரு ஊட்ல சாப்ட்டாரு. அவரு சொந்த ஊட்டுக் கார்டுலேருந்து பேரு போயிடுச்சு. அவரு எங்க ஊட்டுக்காரருதான்னு அவரு சம்சாரம் இன்னிக்கு வரைக்கும் மனு குடுத்துக்கினு இருக்குது."

"அழிச்சி எழுதக் கூடாதா?"

"எழுதினா எழுதினதுதான். அழிக்கற வழக்கம் கழகத்துக்குக் கிடையாது."

கமலவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வந்தவரைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், உலையில் வேகாத பொருளாக ஒரு சிட்டிகை சர்க்கரையைக் கையில் வைத்தாள். தேவசகாயம் அதை நாக்கில் போட்டுக்கொண்டு பிழைத்தோம் என்று போனார்.

சில மாதம் கழித்துக் கழகத்தின் இயக்குநர் டாக்டர் மாணிக்கவாசகமே முடிவை அறிவிக்கக் காஞ்சிபுரம் வந்தார். கல்யாண மண்டபத்தில் கூட்டம். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை. இவர் வேறு விதமாகக் குத்துகிறவர். கணக்கெடுப்புக்கு முன்பே கிழக்கு ஆப்பிரிக்காவில் புதிதாய் விடுதலை பெற்ற ஒரு நாட்டில் மூன்று மாதம் இருந்து, அங்கே குடும்பங்களின் செலவு எப்படி மாறிவருகிறது என்று படித்துவிட்டு வந்திருந்தார். அந்த நாட்டுக்காரர்கள் வீடு வீடாக நடந்து, தங்கள் ஜனங்களுக்காகப் பாடுபட்டுத் தயாரித்த அட்டவணை அது. அவர்களுக்கு அது பொருந்தியது. மாணிக்கவாசகம் அதையும் அதன் படிவத்தையும் சட்டங்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து காஞ்சிபுரத்தின் மேல் விரித்தார்.

"பெரியோர்களே, அந்த நாட்டில் ஒரு குடும்பம் வளர வளர என்ன செய்கிறது? மொத்தச் செலவில் சோற்றின் பங்கு குறைகிறது. சைக்கிள் வாங்குகிறார்கள். ரேடியோ வாங்குகிறார்கள். இதிலிருந்து நாம் கற்பது என்ன? சோற்றைக் குறைத்தால் குடும்பம் வளரும்."

கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்று கேட்டால், முன்வரிசையில் இருந்தவர்கள் தட்டினார்கள், ஆகவே பின்வரிசையும் தட்டியது.

"இதோ, பதினேழாம் எண் வீட்டு அம்மையார். மேடைக்கு வாருங்கள் அம்மா. இவர் வீட்டில், அட்டவணைப்படி எட்டுப் பேர் சாப்பிடும் சோற்றை நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். இப்படி உண்டால் சைக்கிள் எங்கே வரும்? இவர் ஒல்லியாக இருக்கிறாரே என்று சிலருக்குத் தோன்றலாம். கண்ணால் காண்பதை நம்புவதென்றால் கழகம் எதற்கு?"

மண்டபம் சிரித்தது. கமலவேணிக்குக் காது இரண்டும் எரிந்தன. "சார், அது நாங்க துன்னது இல்ல சார். பாவுக்குக் கஞ்சி போட்டது" என்றாள்.

டாக்டர் பொறுமையோடு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அம்மா, சமையலறையை விட்டு வெளியேறிய அரிசி உண்ணப்பட்ட அரிசி. அதன் பிறகு அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பது நாகரிகம் அல்ல. மேலும், எழுதியதை அழிக்க எனக்கே அதிகாரம் கிடையாது. அதில்தான் கழகத்தின் மானம் இருக்கிறது."

பிறகு அவருக்கு ஒரு பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினார்கள். அது கமலவேணியின் தெருவில் நெய்தது. கஞ்சி குடித்துத்தான் அவ்வளவு மினுமினுப்பாக இருந்தது.

கழகம் சொல்லிவிட்டது, வழங்கல் ஆபீஸ் செய்துவிட்டது. தெரு முழுவதற்கும் அரிசி பாதியாயிற்று. மீதிக்கு மக்காச்சோள மாவு, அந்த ஆப்பிரிக்க நாட்டில் அதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பதற்காக. அவர்களுக்கு அது கைவந்த சாப்பாடு. பிள்ளையார்பாளையத்தில் அதைக் களியாகக் கிண்டத் தெரியாமல் கிண்டி, கட்டியும் கரியுமாக விழுங்கினார்கள்.

வயிறாவது எதையாவது வாங்கிக்கொள்ளும். பாவு வாங்கிக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் மக்காச்சோள மாவைக் காய்ச்சி, வடிகட்டித் தெளித்துப் பார்த்தார்கள். மாம்பழ நிறப் பட்டில் திட்டுத் திட்டாக மாவு உறைந்து நின்றது. போதாததற்குத் தெருவிலிருந்த எறும்பெல்லாம் ஏறிவிட்டது. பட்டு கொடுத்த முதலாளி வந்து பார்த்தார். அவர் கத்தவில்லை. "வீரபத்திரா, இன்னொரு பாவு இப்டி ஆச்சுன்னா நான் வேற தறி பாத்துக்கறேன்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீரபத்திரன் தறிக்குழிக்குள் காலை விட்டபடி, நெய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் பெண்கள் இருவருக்கும் 'எட்டாள் சோறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கமலவேணி கறை பிடித்த பாவில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வழங்கல் ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்த குமாஸ்தா பட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அரிசி கூடணும்னா ரெண்டே வழிமா. ஒண்ணு, உங்க ஊட்ல ஆள் கூடணும். இல்லன்னா குடும்பம் வளர்ந்ததுன்னு கழகம் சொல்லணும்."

"எப்பிடி சார் வளர்றது?"

"வருமானம் ஏறணும். கார், ரேடியோன்னு செலவு ஏறணும். அப்ப சோத்துப் பங்கு தானா எறங்கிடும். எறங்கிட்டா வேணுங்கற அரிசி தருவாங்க."

அதாவது, சோறு தேவைப்படாத அளவுக்கு உயர்ந்தவனுக்குத்தான் சோறு. கமலவேணி வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மண்டபத்தில் சிரித்த ஒவ்வொரு முகமும் ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்ட அந்தக் கையும் ஞாபகம் வந்தது. அந்த மனுஷன் ஒரு நாளாவது என் கையில் அகப்படவேண்டும் என்று ஏகாம்பரநாதரிடம் வாய்விட்டே கேட்டுக்கொண்டாள்.

சாமி சில நேரம் காது கொடுத்துக் கேட்கும். அடுத்த வாரமே தேவசகாயம் வந்து, அந்த ஆப்பிரிக்க நாட்டிலிருந்து ஒகெல்லோ என்ற பெரிய அதிகாரி வருகிறார், அவருக்குக் காட்டுவதற்காக டாக்டரே அவரை இந்த வீட்டுக்குக் கூட்டிவருகிறார் என்று சொன்னார். "அன்னிக்குக் கணக்கெடுக்கற நாளும்தான். நானும் வருவேன்மா."

"கடன ஒடன வாங்கியாவது அன்னிக்கே பாவு பிணைக்கச் சொல்றேன்" என்றாள் கமலவேணி. தேவசகாயம் அவளைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதத்து அரிசியில் பாவுக்குப் போக மிச்சம் அத்தனையையும் கமலவேணி அன்றைக்கு உலையில் போட்டாள். "நாளையிலேருந்து களிதான். புள்ளைங்க இன்னா பண்ணும்?" என்று வீரபத்திரன் கேட்டான். "ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருக்கும். நீங்க பாவப் பாருங்க" என்றாள்.

கார் வந்தது. ஒகெல்லோ நெடிய, நிதானமான மனிதர். இறங்கியதும் வீட்டுக்குள் வராமல், தெருவில் காய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாவின் பக்கம் போனார். தொட்டார். விரலை முகர்ந்தார். தேவசகாயத்திடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டு, பதிலைக் கேட்டதும் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். பாவைக் காட்டினார், சமையலறையைக் காட்டினார், தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். இங்கிலீஷ் தெரியாத கமலவேணிக்கே அது புரிந்தது. டாக்டர் கூட்டத்தைப் பார்த்து, "நமது அட்டவணையின் துல்லியத்தை விருந்தினர் பாராட்டுகிறார்" என்றார்.

ஒகெல்லோ உண்மையில் கேட்டதைத் தேவசகாயம் பின்னால் சொன்னார். எங்கள் ஊரிலும் துணிக்கு மரவள்ளிக் கஞ்சி போடுவார்கள். அதை உண்ட கணக்கில் சேர்க்கக்கூடாது என்று எங்கள் படிவத்தில் தனிக் கட்டம் வைத்தோமே, அது எங்கே போயிற்று என்று கேட்டாராம். தாளில் இடம் போதவில்லை, எடுத்துவிட்டோம் என்றாராம் டாக்டர்.

உள்ளே இரண்டு இலை போட்டிருந்தது. கமலவேணி வழக்கத்தைச் சொன்னாள். பாவு பிணைக்கிற நாள், சாப்பிடாமல் போகக்கூடாது. ஒகெல்லோ தேவசகாயத்தின் படிவக் கட்டைப் பார்த்தார், இன்று கணக்கெடுக்கும் நாளா என்று கேட்டார். ஆமாம் என்றதும் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். ஒரே உலை என்றால் ஒரே வீடு என்கிற அந்தச் சட்டத்தைத் தன் நாட்டுக்காக எழுதியவரே அவர்தான். கமலவேணி அவருக்குச் சர்க்கரை கொடுத்தாள். அவர் அதை மரியாதையோடு வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

டாக்டருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. போட்டோக்காரன் வந்திருந்தான். மக்களோடு மக்களாக உட்கார்ந்து இலையில் சாப்பிடும் படம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. சட்டம் என்பது ஊர் வயிறுகளுக்கு. அதற்குள் தன் வயிறும் வரும் என்று எந்தப் பெரிய அதிகாரிக்கும் தோன்றியதில்லை. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை வாங்கிச் சாப்பிட்டார். அரிசிப் பஞ்சத்தைப் பற்றி வாயில் சோற்றோடு இரண்டு வார்த்தை பேசினார். ஏப்பம் விட்டார். கார் போயிற்று.

தேவசகாயம் மட்டும் படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுமா. இன்னிக்கு இந்த உலைல சாப்ட்டவங்க?"

"நாங்க நாலு பேரு. டாக்டர் மாணிக்கவாசகம்."

"உறவு முறை?"

"வேண்டாத விருந்தாளின்னு கட்டம் இருக்குதா?"

"இல்லமா."

"அப்ப பெரியப்பான்னு எழுதுங்க."

அவர் எழுதினார். இருபது வருடமாகக் கழகத்துக்கு எழுதுகிறவர். அவ்வளவு அழகான கையெழுத்தில் அவர் எதையும் எழுதியதில்லை. படிவம் சென்னைக்குப் போயிற்று. கட்டுக் கட்டாக வந்த படிவங்களுக்கு நடுவில் அதிலும் டாக்டர் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் அவருக்குச் சின்ன உத்தியோகத்தில் இருந்தபோதே விட்டுப்போயிருந்தது.

பிறகு நடந்தவை யாவும் விதிப்படி நடந்தன. மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கார்டிலிருந்து அவர் பெயர் போயிற்று. அவருடைய சம்பளம் பதினேழாம் எண் வீட்டு வருமானத்தில் சேர்ந்தது. கார், ரேடியோ, குளிர்பதனப் பெட்டி எல்லாம் சேர்ந்தன. சோற்றின் பங்கு மடமடவென்று இறங்கிவிட்டது. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு வளர்ந்த குடும்பம் ஆசியாவிலேயே இல்லை என்று கழகம் ஓர் அறிக்கை போட்டது. தெருவின் சராசரியும் கூடவே ஏறியதால், பிள்ளையார்பாளையத்துக்கே பழையபடி அரிசி கொடுக்க உத்தரவு வந்தது. கமலவேணி முதல் அரிசியை வாங்கி வந்து கஞ்சி காய்ச்சினாள். வீரபத்திரன் தெருவில் பாவு கட்டினான். முதலாளி வந்து நீவிப் பார்த்துவிட்டு, அடுத்த பாவுக்கும் பட்டு தருவதாகச் சொன்னார்.

டாக்டருக்கு வீட்டு வாடகைப் படி நின்றது, சென்னையில் வசிக்காதவருக்கு அது கிடையாது. ஆபீஸ் கார் நின்றது. அவர் தன் கழகத்துக்கே மனுப் போட்டார். 'எழுதியதை அழிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது' என்று பதில் வந்தது. கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கார்டைப் பார்த்த அவர் மனைவி வடிவாம்பாள், "காஞ்சிபுரத்துல யாருங்க அந்தக் கமலவேணி? அவ வீட்ல எத்தனை நாளா சாப்பாடு?" என்று கேட்டு, அன்றிலிருந்து உலை வைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு விடியற்காலையில் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கசங்கிய சட்டை, இரண்டு நாள் தாடி. தேவசகாயம் அப்போதுதான் மாதக் கணக்குக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கமலவேணி பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் டாக்டர். மேடைத் தமிழெல்லாம் போயிருந்தது. "இந்த மாசம் நான் இந்த உலையில சாப்பிடலைன்னு சொல்லுங்க. சமைக்கிறவங்க சொன்னா என் பேர் தானா விலகிடும். அது ஒண்ணுதான் வழி."

"வெலகிட்டா எங்க அரிசி?"

அவர் கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அது மறுபடியும் பாதியாயிடும், இல்ல?"

"விதி அப்படி..." என்றார். "ஆனா உண்மையைச் சொல்லுங்கம்மா. அன்னிக்கு ஒரு நாள்தானே நான் சாப்பிட்டேன். இன்னிக்குப் பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலை. உங்க கண்ணால பாக்கறீங்களே."

"கண்ணால பாக்கறத நம்பினா கழகம் எதுக்கு சார்?"

கஞ்சி கொதித்து இறங்கிவிட்டது. கமலவேணி துணியால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, அவர் வழிவிட்டு ஒதுங்கும்வரை நின்று, சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, தெருவுக்கு வந்தாள். பாவு தயாராக இழுத்துக் கட்டியிருந்தது. வீரபத்திரன் பானையை வாங்கிக்கொண்டான். டாக்டரும் பின்னாலேயே வந்து, தன் கண்ணெதிரே அந்த அரிசியெல்லாம் பட்டின் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேவசகாயம் வாசற்படியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "ஒரு பானை அரிசி சமையலறைய வுட்டு வெளிய வந்திருக்குது. யாரு சாப்ட்டதுன்னு எழுதட்டுமாம்மா?"

கமலவேணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பெரியப்பா சாப்ட்டாரு" என்றாள். "எட்டாள் சோத்த ஒருத்தரே சாப்ட்டாருன்னு எழுதுங்க."

தேவசகாயம் எழுதிக்கொண்டார்.